போகாத கோர்ட்டுக்குப் போட்ட மார்க்

போன வருஷம் ஜூன் மாதக் கடைசி. நீலகிரி மலையில் எங்கள் ஊரான எமரால்டில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நானும் மகளும் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஊட்டியில் மாறி, மலைக்குக் கீழே இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு நேர்காணலுக்குப் போனோம்.

எங்களுக்குச் சின்ன மளிகைக் கடை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயம். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் வந்த பிறகும், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மகள் அதிகம் பேச மாட்டாள். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. பிளஸ் டூ முடித்ததும் மலையிலேயே ஒரு கல்லூரியில் காவல் பணி பற்றி இரண்டு வருஷ டிப்ளமா படித்தாள். அடுத்து அதிலேயே டிகிரி வேண்டும் என்றாள்.

டிப்ளமாவில் படித்த பாடங்களைப் பல்கலைக்கழகம் தன் பாடங்களோடு வைத்துப் பார்க்குமாம். போதுமான அளவு ஒத்துப்போனால் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். இல்லையென்றால் முதலிலிருந்து மூன்று வருஷம். அந்த ஒரு வருஷத்தில்தான் எங்கள் வீட்டில் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தது. கோயமுத்தூர்ச் சொந்தத்தில் ஏற்கெனவே பெண் கேட்டிருந்தார்கள். என் கணவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். "ரெண்டு வருசம்னா படிக்கட்டும். மூணுன்னு வந்து நின்னா, நான் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

கீழே வெயில் கொளுத்தியது. மலையில் பஸ் ஏறும்போது போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றக்கூடத் தோன்றாமல், பஸ்ஸில் வாந்தி வராமலிருக்க எடுத்து வந்த எலுமிச்சம்பழம் கையிலேயே இருக்க, நேர்காணல் அறைக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் ஒரு பேராசிரியை. என்னையும் உட்காரச் சொன்னார்கள். ஒவ்வொரு பாடமாகக் கேட்டார்கள். மகள் மெல்லிய குரலில் பதில் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

கடைசியாகக் களப்பணி. கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்து, வழக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்து வர வேண்டிய பாடம். மகளுக்கு அதில்தான் நல்ல மார்க்.

"கோர்ட்டுல பாத்ததுல எதையாவது ஒண்ணு சொல்லும்மா" என்றார் பேராசிரியை.

மகள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அவள் நிமிரவே இல்லை. நானே வாயைத் திறந்தேன்.

"பயத்துல மறந்துட்டாளுங்க மேடம். நல்லாப் பாத்துட்டு வந்து ஊட்டுல எல்லாம் கதை கதையாச் சொன்னாளுங்க."

"இல்லீங்க மேடம்" என்றாள் மகள். "நான் கோர்ட்டுக்குப் போகவே இல்லீங்க."

பேராசிரியை மார்க் பட்டியலை இழுத்து இன்னொரு தடவை பார்த்தார்.

"மார்க் போட்டிருக்கே?" என்றார் பக்கத்தில் இருந்த பேராசிரியர்.

"நாங்க கோர்ட்டுக்குப் போக வேண்டிய சமயத்துல பேஞ்ச மழையில மண்ணு சரிஞ்சு ரோடு போயிருச்சுங்க. லீவு மேல லீவு விட்டாங்க. பாவம்னு மார்க் போட்டுட்டாங்க."

"அப்ப உங்க கிளாஸ்ல ஒருத்தரும் போகலியா?"

"அது அவங்கவங்களத்தான் கேக்கோணுங்க சார். நான் போகலீங்க. எனக்கு அதுதான் தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். "இப்பவே போலீசா இருக்கியேம்மா!"

பேராசிரியை சிரிக்கவில்லை. "இதக் கழிச்சா ரெண்டாம் வருஷத்துக்குக் கிரெடிட் பத்தாதும்மா. முதல் வருஷத்துலதான் சேரணும். மார்க் இருக்கு, முத்திரை இருக்கு. நீ சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வெளிய போய் அம்மாகூடப் பேசிட்டு வா."

வராந்தாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "ஏஞ்சாமி, உனக்கென்ன பைத்தியமா? பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்னு போய்ச் சொல்லு கண்ணு. அவங்களே வழி உடறாங்க. உங்கப்பா சொன்னது நெனப்பிருக்கா?"

"இருக்குதுங்கம்மா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவளுக்கும் பயம் இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். என்னைவிட அதிகமாகவே இருந்திருக்கும். இழக்கப்போவது அவள்தானே.

"போகாத எடத்துக்குப் போனேன்னு சொல்லி உள்ள நொழஞ்சிட்டு, நாளைக்கு இன்னொருத்தர உக்கார வெச்சு, உண்மையச் சொல்லுன்னு எந்த மூஞ்சியோடங்கம்மா கேப்பேன்?"

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் தட்டி, உள்ளே போனாள். பயந்துகொண்டே ஒருத்தி இப்படி நடந்து போக முடியுமா என்று பார்த்தபடியே நின்றேன். பிறகு நானும் பின்னால் போனேன்.

"முதல் வருஷத்துலயே சேந்துக்கறேங்க மேடம்" என்றாள்.

பேராசிரியை அந்தப் பாடத்தை ஒரு கோடு போட்டு அடித்தார். "முதல் வருஷத்துலயே உங்களக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அம்மா, மொதல்ல அந்த ஸ்வெட்டரக் கழட்டுங்க. மயக்கம் போட்டு விழுந்துரப் போறீங்க."

வெளியே வந்ததும் கணவரிடமிருந்து போன். எடுப்பதற்குள் என் மனம் ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டது. இந்த வருஷம் சட்டம் மாறிவிட்டதாம், எல்லாருக்குமே மூன்று வருஷம்தானாம் என்று சொன்னால் அவர் நம்பிவிடுவார். எதிர்த்துப் பேசாமல் சமாளிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. மகள் கொஞ்சம் தள்ளிக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வாய் வரைக்கும் வந்த பொய் வெளியே வரவில்லை.

"ஏனுங்க, மூணு வருசமுங்க" என்றேன். "ரெண்டே குடுக்கறதாத்தான் இருந்தாங்க. உங்க மகதான், நான் கோர்ட்டுக்குப் போகலீங்கன்னு உள்ளதச் சொல்லி வேண்டாம்னுட்டா. மாப்பிள்ளை ஊட்டுக்கு நீங்க சரின்னு சொல்லப்படாதுங்க. இவ படிக்கட்டுமுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் ஒன்றைக் கூடாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் கடையில் யாரோ சர்க்கரை கேட்பதும், தராசுத் தட்டு விழுவதும் கேட்டது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" என்றார் கடைசியில். "மொதல்ல சாப்புடுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்கு வேண்டாம்னு நான் சொல்லிக்கறேன்."

இப்போது அவள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சாப்பிட்டாளோ, மழையில் நனைந்தாளோ என்று எனக்குக் கவலை இன்னும் விடவில்லை. பூட்டையும் திரும்பத் திரும்ப இழுத்துத்தான் பார்க்கிறேன். ஆனால் அன்றைக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டியவளை நினைக்கும்போதெல்லாம், என் வயிற்றில் பிறந்து என் வீட்டிலேயே வளர்ந்த ஒரு பெரிய மனுஷியை அதுவரை நான் பார்க்காமலே இருந்துவிட்டேனே என்று உடம்பு சிலிர்த்துப் போகிறது.