தொலைபேசியில் ஒரு ‘வாறன்’

தயாபரன் ஒன்பது வருடம் முழங்காலில் நின்று சம்பாதித்தவன். பளைக்குப் பக்கத்தில் மிதிவெடி அகற்றுகிற வேலை. மண்ணைச் சரிவாகக் கிண்டிப் பார்க்க வேண்டும், ஒன்றுமில்லை என்றால் ஒரு சாண் முன்னே நகர வேண்டும், மறுபடி கிண்ட வேண்டும். பார்க்காத மண்ணில் கால் வைக்கக் கூடாது என்பதுதான் அந்த வேலையில் சொல்லித் தருகிற முதற்பாடம். கடைசிப் பாடமும் அதுதான்.

ஒரு நாள் அந்தக் காணி முழுக்கத் துப்புரவாகிவிட்டது. பெரிய மனிதர்கள் வந்து பேசினார்கள், படம் எடுத்தார்கள், காணிக்காரருக்குக் காணி கிடைத்தது. தயாபரனுக்கு வேலை போயிற்று. ஊருக்கு நல்லது நடந்தால் தன் அடுப்பு அணைகிற உத்தியோகம் அது. சிரிப்பதா அழுவதா என்று விளங்காமல் அவனும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிக்கொண்டு நின்றான்.

சாண் சாணாக நகர்ந்தவனைச் சொட்டு நீர்ப்பாசனக் குழாய் விற்கிற கம்பனியொன்று பிடித்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிட்டது. கம்பனியின் களஞ்சியம் வவுனியாவில். காலையில் செட்டிகுளம், மத்தியானம் நெடுங்கேணி, அடுத்த நாள் பளை என்று காலில் சக்கரம் கட்டாத குறை. பப்பாசித் தோட்டக்காரர் குழாயைப் பற்றிக் கேட்டால், அவன் முதலில் நிலத்தைத்தான் பார்ப்பான். பழக்கம் விடுமா?

அவன் மனைவி பிரஷாந்தினிக்கும் அதே பருவத்தில்தான் தலையெழுத்து மாறியது. செட்டிகுளத்து வயற்காரரின் மகள். வவுனியாவில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவளுக்கு, வருமா வராதா என்று எல்லோரும் மறந்திருந்த பட்டதாரி நியமனம் வந்தது. அபிவிருத்தி உத்தியோகத்தர், முல்லைத்தீவில் ஓர் அலுவலகம். பத்மாசனி அக்கா என்றொருவரின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். கருவாடு போடுகிற பெண்களின் சங்கங்களைப் பார்ப்பது அவள் வேலை. இரண்டு மாதத்தில் வெயில் குடித்துக் கறுத்துப்போனாள்.

கல்யாணமாகி இரண்டு வருடமாகப்போகிறது; சேர்ந்தாற்போல் ஒரு கிழமை ஒரு வீட்டில் இருந்ததில்லை. அவன் முல்லைத்தீவுக்குப் போகலாம் என்று லீவு எடுத்தால் அவளைப் பயிற்சிக்கென்று கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் அவளைத் திகைக்க வைப்போம் என்று புறப்பட்டுப் போய்ப் படலையைத் தட்டினான். பத்மாசனி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ தம்பி, அவா உங்களைப் பாக்கவெண்டு காலமை பஸ்ஸில வவுனியாவுக்கெல்லோ போட்டா!” என்றார். மாங்குளத்துப் பக்கம் எங்கேயோ இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் போயிருக்கிறார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் இரண்டு ஊரில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எத்தனை தரம்தான் அப்படிச் சிரிப்பது?

இந்த நேரத்தில்தான் கம்பனி முல்லைத்தீவில் ஒரு கிளை திறக்கப் போவதாகச் செய்தி வந்தது. மனேச்சர் தயாபரனைக் கூப்பிட்டு, முல்லைத்தீவுக்குப் பொறுப்பாய்ப் போகிறாயா, வவுனியாக் களஞ்சியத்தைப் பார்க்கிறாயா, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார். முல்லைத்தீவு என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருப்பான். ஆனால் வவுனியாவுக்கு மாற்றம் கேட்கலாமா என்று பிரஷாந்தினி யோசித்துக்கொண்டிருந்தாள். தாய் வீடும் பக்கம். இவன் அங்கே போக அவள் இங்கே வந்துவிட்டால்? மாங்குளத்துக் கூத்தை வாழ்க்கை முழுக்க ஆடவேண்டி வரும்.

கேட்டான். திரும்பவும் கேட்டான். மூன்றாம் தரம் கேட்டபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“கிண்டாதேங்கோ அப்பா. முடிவெடுத்தா நானே சொல்லுவன்.”

கிண்டுவதையே தொழிலாக வைத்திருந்தவனிடம் கிண்டாதே என்றால் அவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டான்.

ஒரு வியாழக்கிழமை ஒட்டுசுட்டான் பக்கம் கத்தரித் தோட்டமொன்றில் நின்றபோது மனேச்சர் தொலைபேசி எடுத்தார். நாளைக்கு முடிவு வேண்டும் என்றார். தயாபரன் உடனே மனைவிக்கு எடுத்தான். கேள்வி கேட்கக் கூடாதல்லவா, அதனால் செய்தியை மட்டும் சொன்னான்.

“மனேச்சர் நாளைக்கு முடிவு கேக்கிறார், பிரஷா.”

மறுபக்கத்தில் இரைச்சல். யாரோ “மிஸ், மிஸ்” என்று கூப்பிட்டார்கள். “ஆ... ஓமப்பா... ஓம்,” என்றாள் பிரஷாந்தினி. பிறகு தெளிவாக, “சரி, அப்ப நான் வாறன்,” என்றாள். தொடர்பு நின்றது.

தயாபரன் கத்தரிப் பாத்திக்குள் தனியே நின்று சிரித்தான். வாறன்! வருகிறாள். தானே சொன்னாள். அடுத்த நாள் காலை வவுனியாவே போதும் என்று மனேச்சரிடம் சொல்லிவிட்டான். முல்லைத்தீவு அன்றைக்கே வேறொருவருக்குப் போயிற்று. வவுனியாவுக்குள்ளேயே குருமன்காட்டில் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்தான். இரண்டு கதிரை வாங்கினான். பிரஷாந்தினி கட்டையான ஆள்; குசினிச் சுவரில் சாமான் வைக்கிற தட்டை அவள் கைக்கு எட்டுகிற மாதிரித் தாழப் பணித்து அடித்தான். அடித்துவிட்டுத் தானே குனிந்து குனிந்து சாமான் எடுத்துப் பார்த்தான். அடுத்த கிழமை முழுக்க அவன் தொலைபேசியில் ஒன்றும் கிண்டவில்லை. வீட்டைக் காட்டித் திகைக்க வைக்க வேண்டும் என்ற பழைய ஆசையும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கிழமை முடிவில், சனிக்கிழமை அவள் பஸ்ஸால் இறங்கினாள். தோளில் ஒரு சின்னப் பை, கையில் ஒரு கருவாட்டுப் பொதி. புது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவள் கதவடியில் நின்று உள்ளே பார்த்தாள்.

“ஆற்ற வீடப்பா இது?”

“எங்கட வீடுதான். மிச்சச் சாமான் எங்க? லொறியில வருதோ?”

“என்ன சாமான்?”

“மாறி வாறன் எண்டனீரெல்லோ.”

“நானோ? எப்ப?”

“அண்டைக்குப் போனில. மனேச்சர் முடிவு கேக்கிறார் எண்டு சொன்னனான். நீர் ‘அப்ப நான் வாறன்’ எண்டனீர்.”

பிரஷாந்தினி பையை இறக்கி வைத்தாள். “எனக்கு ஒண்டும் விளங்கேல்லையப்பா, ஒரே இரைச்சல். ஆக்கள் சுத்தி நிண்டவை. போனை வைக்கேக்க வாறன் எண்டு சொல்லாமல் வேற என்னத்தைச் சொல்லுறது? போறன் எண்டோ சொல்லுறது?”

உண்மைதான். போகிறவர் எவராவது நம் ஊரில் போறன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா? சாவீட்டைத் தவிர எந்த வீட்டிலிருந்து எழும்பினாலும் வாறன்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவள் அவனுக்கு ஆயிரம் தரம் சொல்லியிருப்பாள். ஒன்பது வருடம் பார்க்காத மண்ணில் கால் வைக்காதவன், அந்த ஒரு சொல்லில் மட்டும் பார்க்காமல் கால் வைத்துவிட்டான்.

“திருப்பி ஒருக்காக் கேட்டிருக்கலாமே!”

“கிண்டாதேங்கோ எண்டு நீர்தானே சொன்னனீர்.”

அவள் குசினிக்குள் போனாள். பணித்து அடித்த தட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு அங்கேயே நின்று அழுதாள்.

“முல்லைத்தீவு எனக்குப் பிடிச்சுப்போச்சு. அங்க என்னைத் தேடி வருகினம், நான் சொன்னா கேக்கினம். அதை உங்களுக்குச் சொல்ல ஒரு மாதிரிக் கிடந்தது. உங்களோட ஒரு வீட்டில இருக்கவும் ஆசை. என்ன செய்யிறதெண்டு தெரியாமத்தான் சொல்லாம இருந்தனான்.”

“எனக்கு எந்த ஊரும் ஒண்டுதான், பிரஷா. நீர் எங்க நிக்கிறீர் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்.” அவனுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்தது துக்கம்தான். முல்லைத்தீவு என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

அன்றிரவு கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. இருவரும் புதுக் கதிரைகளில் இருந்து சாப்பிட்டார்கள். மாற்றம் கேட்பதா, அவன் கம்பனியை விடுவதா என்று பேசினார்கள். ஒருவர் சரி என்றால் மற்றவர் வேண்டாம் என்றார். சொல்லிவைத்தாற்போல் ஆளுக்காள் மாறி மாறி விட்டுக்கொடுத்ததில் ஒரு முடிவும் வரவில்லை.

ஞாயிறு பின்னேரம் பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டான். மிச்சக் கருவாட்டைப் பணிந்த தட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். முல்லைத்தீவு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவள் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

“சரி, வாறன்.”

வாய்தவறி வந்த சொல்லைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். தயாபரன் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“இது எந்த வாறன்?”

“ஏறுங்கோ அக்கா, ஏறுங்கோ,” என்று கண்டக்டர் கத்தினார். பிரஷாந்தினி ஏறினாள். சனத்துக்குள்ளால் நெரிந்து நெரிந்து ஒரு ஜன்னலைப் பிடித்து, தலையை வெளியே நீட்டினாள்.

“எனக்கே தெரியேல்லையப்பா!” என்றாள். பஸ் நகர்ந்தது. “கிண்டுங்கோ! நான் சொல்லுமட்டும் கிண்டிக் கிண்டிக் கேளுங்கோ!”

பஸ் சந்தியில் திரும்புமுன்னரே அவன் தொலைபேசியை எடுத்து அவளுக்கு அடித்தான்.