இரண்டாம் வகுப்புக்கு வந்த அடைக்கோழி

பல்ப் சூட்டில் காய்ந்த அட்டைப்பெட்டியும் ஈர வைக்கோலும் கலந்த ஒரு வாசனை... சுருளிப்பட்டிப் பக்கம் நான் டீச்சராகச் சேர்ந்த முதல் வருடம், என் இரண்டாம் வகுப்பு முழுக்க அந்த வாசனைதான்.

"முட்டைக்கு உயிர் இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள் மலர். பொரித்தே காட்டிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். அட்டைப்பெட்டி, குண்டு பல்ப், தண்ணீர்க் கிண்ணம், தெர்மாமீட்டர், கடையில் வாங்கிய பத்து வெள்ளை முட்டை.

நான் தேனி டவுனில் வளர்ந்தவள். கோழியைத் தட்டில்தான் பழக்கம்.

சாயங்காலம் மலரைக் கூட்டிப்போக வந்த அவள் அம்மா ராசாத்தி பெட்டியை எட்டிப் பார்த்தார். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவர். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இது பண்ணை முட்டைல டீச்சர்... சேவலே இல்லாமப் போட்டது. வருசம் பூரா வச்சாலும் பொரிக்காது."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. மறுநாள் காலையில் அவரே பத்து நாட்டுக்கோழி முட்டைகளை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தார்.

ஏழாம் நாள் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஒரு முட்டையின் அடியில் டார்ச் அடித்தேன். உள்ளே சிவப்பு நூல் நூலாக நரம்புகள், நடுவே ஒரு புள்ளி...

"ஏலே, துடிக்குதுடா!" என்று கத்தினான் ஒரு பையன்.

சனி, ஞாயிறுகூட பஸ் ஏறிப் போய் முட்டைகளைத் திருப்பிவைத்தேன்.

பதினெட்டாம் நாள் காலை, டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. "நாளைக்குத்தான் சரியாகும்" என்றார் வயர்மேன். துப்பட்டாவால் பெட்டியைச் சுற்றினேன். அப்படியும் தெர்மாமீட்டர் இறங்கிக்கொண்டே வந்தது. அந்தப் புள்ளிகளை நினைத்துக்கொண்டே பெட்டியை மடியில் தூக்கி வைத்து அணைத்துக்கொண்டேன். நான் ஆசைப்பட்டதால்தானே இவ்வளவும்...

மலர் என்னிடம் கேட்காமலே பள்ளிக்கு எதிரே இருந்த தன் வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது பின்னால் ராசாத்தி. இடுப்பில் ஒரு சிவப்புக் கோழி!

"வெறுங்கூடையில அடை உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது டீச்சர். மேல கூடையப் போட்டு மூடிருவோம். இருட்டுன்னு நெனச்சு உக்காந்துக்கிரும்."

உட்கார்ந்துவிட்டது. கரும்பலகைக்குக் கீழே, மூன்று நாள். காலையும் மாலையும் ராசாத்தி வந்து இரை காட்டிவிட்டுப் போவார். வாய்ப்பாட்டைக்கூடப் பிள்ளைகள் கிசுகிசுவென்றுதான் சொன்னார்கள். அத்தனை அமைதி எதற்கு என்று பார்க்க வந்த ஹெட்மாஸ்டர், "என்னம்மா இது, கோழியெல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"சார், சத்தம் போடாதீக!" என்று முப்பது விரல்கள் உதட்டுக்குப் போயின. மனிதர் நுனிக்காலில் திரும்பிப் போனார்.

இருபத்தொன்றாம் நாள், கணக்குப் பீரியடில் முதல் 'கீச்'. சாயங்காலத்துக்குள் ஏழு குஞ்சுகள். மூன்று முட்டைகள் அப்படியே கிடந்தன.

"அது மட்டும் ஏன் டீச்சர் வரல?"

"தெரியலம்மா" என்றேன். டீச்சராக நான் முதன்முதலில் சொன்ன 'தெரியல' அதுதான். பிள்ளைகள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது தேனியில் வேலை. வகுப்பில் பெரிய ஸ்கிரீன் இருக்கிறது. இருபத்தொரு நாளும் இரண்டு நிமிட வீடியோவில் முடிந்துவிடுகிறது. அதுவும் அழகுதான், பிள்ளைகள் கைதட்டிப் பார்க்கிறார்கள். போன வாரம் வீடியோ முடிந்ததும் இந்தக் கதையைச் சொன்னேன். கோழி பள்ளிக்கூடத்துக்கு வந்ததை யாரும் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு மாணவியின் அம்மா போன் செய்தார்.

"டீச்சர், என்னத்தச் சொல்லிக்குடுத்தீக? கோழி வாங்குனாத்தான் சாப்பிடுவேன்னு உக்காந்திருக்கா. மூணாவது மாடியில எங்கன வச்சு வளக்க?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பால்கனி இருக்குல்லம்மா?" என்றேன்.