என் கல்யாணப் பத்திரிகையும் இரண்டு ஷெல்களும்

தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை உறைகளில் ஒட்டும் முகவரிச் சீட்டுகளை நானே அச்சடித்துத் தருகிறேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். அப்பா தன் சொந்தங்களைப் பின்கோடு சகிதம் சொன்னார். பிறகு அம்மா தன் பக்கத்து ஆட்களைச் சொல்லத் தொடங்கினாள். முதல் ஆள் மேகமலை எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன். "பின்கோடெல்லாம் யாருக்குடி தெரியும்? அவுக பேரச் சொன்னாலே தபால்காரருக்குத் தெரியும்."

முகவரிகளை ஒவ்வொன்றாக எடுத்து அச்சிட ஒரு லூப் எழுதினேன். அதற்குள் பின்கோடு பார்க்க ஃபங்ஷன் என்று ஒரு குட்டித் துணை நிரல். பின்கோடு இல்லாவிட்டால் அந்த ஃபங்ஷனை மட்டும் விட்டு வெளியே வர 'பிரேக்' என்று போட்டேன். கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலுக்கு ஷெல் என்று பெயர்; கல்லூரி யூனிக்ஸில் இருந்த கார்ன் ஷெல்லில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் அந்த ஃபங்ஷனைத் தாண்டவில்லை, எல்லா முகவரியும் வந்தது. அசல் அச்சை வீட்டு லினக்ஸில் எடுத்தேன். அங்கே இருந்தது பாஷ் என்ற வேறு ஷெல். அதில் அதே பிரேக் வெளியே இருந்த லூப்பையே நிறுத்திவிட்டது. மேகமலை அண்ணனில் தொடங்கி அம்மா பக்கத்துச் சீட்டு ஒன்றுகூட வராதது எனக்குத் தெரியவில்லை. ஒட்டித் தபாலில் போட்டவர் அப்பா. தன் ஆட்கள் ஒருவர் விடாமல் இருக்கவே, அவருக்கு எதுவும் குறையாகப் படவில்லை.

கம்பத்திலிருந்து மாமா போன் செய்தார். "அக்கா, நாங்க அம்புட்டு வேண்டாதவுகளாப் போயிட்டமா?"

அம்மா அழுதேவிட்டாள். கல்யாணப் பந்தலில் தன் பக்கம் ஒருவரும் இல்லாமல் நிற்க வேண்டியிருக்குமே என்ற பயம் அவளுக்கு. நான் ஷெல் வித்தியாசத்தை விளக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்கப்பா ஆளுக வரைக்கும் நல்லா ஓடுன மிஷினு, எங்காளுகளப் பார்த்ததும் நின்னுருச்சாக்கும்?"

மறுநாளே வெற்றிலை பாக்கோடு என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மேகமலையில் தொடங்கி கம்பம் வரை வீடு வீடாக அழைத்தோம். ஒவ்வொரு வீட்டிலும் பிரேக்கை விளக்கும் வேலை என்னுடையது. யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் கல்யாணப் பெண்ணே நேரில் வந்து அசடு வழிவது எல்லோருக்கும் பிடித்திருந்தது. மாமா, "மொத ஆளா வந்து பந்தக்கால் ஊண்டுறேன்க்கா" என்றார். திரும்பும் பஸ்ஸில் அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போது போடியிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, போனில் இருந்தாள். ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார் அப்பா.

"ஏலே, ஒம் பொண்டாட்டி ஆளுகளுக்கு வீடு தேடி வெத்தல பாக்கு, கூடப்பொறந்த எனக்கு வெறும் ஸ்டாம்பா?"

அப்பா ரிசீவரை வைத்துவிட்டு ஆபீசுக்கு லீவு எழுத உட்கார்ந்தார்.