முதல் அத்தியாயத்தில் போன படகு

விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய இரண்டு மாயக்கதைகள் அந்தப் பள்ளி நூலகத்தில் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "மிஸ், நீங்க எங்க உக்காந்து எழுதுவீங்க?" என்று கேட்டாள். ஜன்னலோரம் ஒரு மேசை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். திண்டிவனம் திரும்பும் பேருந்து விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிய பிறகும் அந்தப் பொய் உறுத்திக்கொண்டே வந்தது. பிள்ளைகளிடம் போய் ஏன் அப்படிச் சொன்னேன்?

என் வீட்டில் அப்படி ஒரு மேசை கிடையாது. மூன்று வயது மகளுக்கு இட்லி ஊட்டும்போதுதான் என் கதைகள் உண்டாகின்றன. ஒரு வாய் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் அவள் மென்று விழுங்க எப்படியும் நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடம் என்னுடையது. வாட்ஸ்அப்பில் நான் ஒருத்தி மட்டுமே இருக்கும் குழு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் கதையைக் குரலாகப் பதிந்துவிட்டு, மதியம் அவள் தூங்கும்போது கேட்டுத் தட்டச்சு செய்வேன். சிங்க்கில் பாத்திரம் கிடந்தால் ஒரு வரி வராது. அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பக்கத்தில் இருந்தால் இரண்டு பக்கம் வரும். நெருப்புக் கக்கும் பிராணிகள் எனக்குப் பிடிப்பதில்லை; தண்ணீருக்குள் இருப்பவையே பிடிக்கும். இத்தனைக்கும் நான் கெடார் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் கடலைப் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில் ஒரே ஒரு முறை.

கணவரின் ஊர் மரக்காணத்தை ஒட்டிய மீனவக் குப்பம். அவர் படித்து திண்டிவனத்தில் வேலைக்கு வந்துவிட்டார். அவருடைய அண்ணன் இன்றும் கடலுக்குப் போகிறார். அந்த வீட்டில் படகு இறங்கியதிலிருந்து திரும்பும்வரை சில சொற்கள் வாயில் வரக்கூடாது. எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. அரிசி தீர்ந்துவிட்டது என்றுகூட யாரும் சொல்வதில்லை. அரிசி வாங்கணும் என்பார்கள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்தேன் என்பதுதான் இன்றுவரை தாங்கவில்லை.

என் மூன்றாவது புத்தகம் ஒரு படகில் தொடங்குகிறது. தீவு அளவு பெரிய ஏதோ ஒன்று அந்தப் படகை விழுங்கிவிடுகிறது. அதில் போன அப்பாவைத் தேடி பதினான்கு வயது மகள் புறப்படுகிறாள். அப்பா வராததுதான் கதை. பதிப்பாசிரியருக்கும் அதுதான் பிடித்திருந்தது. மாதக் கடைசிக்குள் பிரதியைக் கேட்டிருந்தார்.

தை மாதத்தில் ஒரு நாள், காலை ஏழு மணி இருக்கும். மகள் இட்லியை அடக்கிக்கொண்டிருந்தாள். "அன்னிக்குப் போன படகு திரும்பவே இல்ல. கடல் அதை வாயில போட்டுக்கிட்டு மூடிக்கிச்சு" என்று நிதானமாகப் பேசி அனுப்பினேன். சட்னிக் கை. விரல் ஒரு வரி கீழே பட்டுவிட்டது. அது குடும்பக் குழு.

நான் பார்ப்பதற்குள் கணவரின் அண்ணன் மனைவி அழைத்துவிட்டாள்.

"இன்னாடி அது?"

"கதைக்கா. தப்பா வந்துட்டுது. இதோ அழிச்சிடறேன்."

"அழிச்சா? ரெண்டு தபா கேட்டாச்சி. மாமா கடல்ல இருக்கும்போதுதான் உனக்குப் படகு முழுவணுமா?"

"வெறும் கதைக்கா. சத்தியமா."

"வெறும் கதைன்னா நான் ஏன் கரைக்கு ஓடியாந்தேன்? காத்து வேற ஒரு மாரி அடிச்சிக்கினு இருக்கு."

அவளே சொன்னாள்: "அந்தப் படக கரைக்குக் கொண்டா."

"எந்தப் படகுக்கா?"

"நீ வுட்டதுதான். வாயாலதான வுட்ட? வாயாலயே கொண்டா. ஜல்தி. நான் கரையிலதான் நிக்கிறேன்."

வைத்துவிட்டாள்.

அந்தப் படகு திரும்பினால் என் புத்தகம் இல்லை. அறுபது பக்கம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. நான் எம்.எஸ்சி. படித்தவள், ஒரு சொல் காற்றைத் திருப்பாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே ஒருத்தி மணலில் நின்றுகொண்டு, கைப்பேசியைக் காதில் வைத்து, என் குரலுக்காகக் காத்திருக்கிறாள். என் எழுத்துக்காக யாரும் அப்படி நின்றதில்லை. இந்த முறை குழுவில் இல்லை, அவளுக்கு மட்டும்; பெயரை மூன்று முறை சரிபார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினேன்.

படகு அந்த வாய்க்குள் மூழ்கவில்லை, மிதந்தது என்றேன். உள்ளே வெதுவெதுப்பாக, கும்மிருட்டாக இருந்தது. அப்பா பயந்து கத்தவில்லை. காது கொடுத்தார். எங்கோ தூரத்தில் யாரோ மண்ணைப் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அது தன் வீட்டுச் சத்தம். அந்தப் பக்கமாகத் துடுப்பைப் போட்டார். பெரிய பிராணிக்குக் கொட்டாவி வந்தது. வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவுதான், நெற்றி வியர்வை காய்வதற்குள் கரை.

எங்கிருந்து வந்தன இந்த வரிகள் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வார்த்தையை அடித்துத் திருத்தவில்லை. மகள் மெல்லுவதை மறந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பியதும் நீல டிக் விழுந்தது.

வழக்கமாகப் படகு ஒன்பது மணிக்கு வந்துவிடும். ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. கேட்கலாமா? கேட்பதே தப்பாகிவிடுமோ? கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினேன். கணவர் அலுவலகத்திலிருந்து அழைத்து, "நீ எதுவும் பண்ணல, பேஜார் பண்ணிக்காத" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

பதினொன்றுக்குச் சற்று முன்பு மீண்டும் அவள் எண். பேசியது கணவரின் அண்ணன்.

"இன்னாம்மா, என்னிய முழுங்கிட்டியாமே!"

அழுதுவிட்டேன். அவர் சிரித்தார். "உங்கக்கா மீன் பட்டுச்சான்னு ஒரு வார்த்த கேக்கல. எந்தச் சத்தத்த வச்சி வந்தேன்னு கேக்கறா. இன்ஜின் சத்தந்தான்னா மொறைக்கிறா."

"ஏன் மாமா இவ்ளோ நேரம்?"

அவர் குரல் தணிந்தது. "ஒருத்தன் வந்துட்டான்ம்மா. புள்ளிபுள்ளியா, நம்ம படகவிட நீளம். சுறாதான், ஆனா கடிக்கிற சாதியில்ல. பக்கத்துல வந்து அப்பிடியே கெடந்தான். இன்ஜின நிறுத்திட்டோம். வாயத் தொறந்தான் பாரு, நம்ம வூட்டு வாசக்கால் கணக்கா."

"பயமா இல்லயா மாமா?"

"பயமா? கும்பிட்டுக்கினு நின்னோம். அவனுக்கு நாங்க ஒரு பொருட்டே இல்ல. எங்கள ஒரு பார்வ பாத்தான், எறங்கிப் போய்ட்டான்."

இத்தனை வருடமாக நான் படைத்த பிராணிகளுக்கெல்லாம் பசி, இல்லாவிட்டால் கோபம். அவ்வளவு பெரிய ஒன்று மனிதனைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அறுபது பக்கத்தில் ஒரு பக்கத்தில்கூட.

அந்த அறுபதையும் ஒதுக்கி வைத்தேன். புதிய கதையில் அப்பா முதல் அத்தியாயத்திலேயே திரும்பிவிடுகிறார். ஆனால் எதைப் பார்த்தார் என்று சொல்ல அவரிடம் சொல் இல்லை. அதைத் தானும் பார்க்க வேண்டும் என்று மகள் புறப்படுகிறாள். பதிப்பாசிரியர் சற்று யோசித்துவிட்டு இன்னும் இரண்டு மாதம் கொடுத்தார். முதல் கதைதான் மேலோ என்று இப்போதும் சில காலைகளில் சந்தேகம் வரும்.

படகு போகாத நாளாகப் பார்த்துக் குப்பத்துக்குப் போய் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். அந்தப் பெண் தனியாகப் படகைத் தள்ளும் இடம் வந்ததும் கையை நிறுத்தினாள்.

"அப்பன் வந்துட்டான், அது போதும். பொண்ணு போவட்டும்" என்றாள். பிறகு கேட்டாள்: "அவளுக்கு நீந்தத் தெரியுமா?"

நான் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. எனக்கே நீந்தத் தெரியாது.

"தெரியாதுக்கா."

"தெரியாதா! தெரியாத புள்ளயவா அனுப்பி வுட்டுக்கினு இருக்க?" அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டாள். "இன்னும் ரெண்டு பக்கம் கரையிலயே நிறுத்து. இடுப்புத் தண்ணியில எறக்கு. அல வந்தா ஓடக்கூடாது, முங்கணும்னு சொல்லு. ஒரே நாள்ல வராது. பத்து நாளாவது குடு அவளுக்கு."

தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளத் தொடங்கினேன். அவள் மீன் செதில் ஒட்டிய கைகளை நீட்டி, மூச்சை எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று செய்து காட்டினாள்.