தடிமன் பிடித்த ஆட்டுக்குட்டி

பள்ளிக்கூடத்தில் ஆண்டு ஒன்று படிக்கும்போதே எனக்கு நன்றாக வாசிக்கத் தெரியும் என்று ஓட்டமாவடியில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். வாப்பாவின் ஓட்டோவில் ஏறுகிறவர்களையும் விடவில்லை. கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். உண்மையில் ஆனா ஆவன்னாவுக்கு மேல் எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அது எனக்கே தெரியாது என்பதுதான் கூத்து.

உம்மா அப்போது கட்டாரில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்கு நின்றா. போகுமுன் ஒரே கதைப்புத்தகத்தில் இரண்டு வாங்கினா. ஒன்றை என் கையில் தந்து, மற்றதைத் தன் பெட்டியில் உடுப்புகளுக்கு இடையில் வைத்தா. மணியைத் தொலைத்த ஓர் ஆட்டுக்குட்டியின் கதை அது. அந்த வீட்டில் போனில் கோல் எடுத்துப் பேச விடமாட்டார்கள். அதனால் நேரம் கிடைக்கும்போது ஒளித்திருந்து கதையை வாசித்து, சாச்சியின் போனுக்கு வொய்ஸ் அனுப்புவா. சாச்சி என்றால் உம்மாவின் தங்கச்சி; அவதான் என்னைப் பார்த்துக்கொண்டா. சோறு தின்னவும் அந்த வொய்ஸ் வேண்டும், நித்திரை கொள்ளவும் வேண்டும் எனக்கு. போன் சூடாகும் வரை கேட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டுவேன். எந்தச் சொல்லுக்கு எந்தப் படம் என்பது மனப்பாடமாகிவிட்டது. வாசிப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

வாசிப்பு மாதம் வந்தது. பெற்றோர் முன்னால் யார் வாசிக்கப்போவது என்று டீச்சர் கேட்டபோது, மற்றவர்களுக்குக் கை தூக்கவே நான் இடம் கொடுக்கவில்லை. அன்றைக்கு வாப்பா ஓட்டோ ஹயரை விட்டுவிட்டு, அயன் பண்ணிய சேர்ட்டோடு முன்வரிசையில் வந்து இருந்தார். சாச்சி போனை உயர்த்திப் பிடித்தா. வீடியோ எடுத்து உம்மாவுக்கு அனுப்ப வேண்டுமே.

உம்மாவைப் போலவே குரலை இழுத்துத் தொடங்கினேன். "ஆட்டுக்குட்டி மலையில் ஏறியது. மழை வந்தது." பக்கத்தைப் புரட்டினேன். "பொறு மகள், மேடம் கூப்பிடுறா, வாறன்." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கதை பிடித்துவிட்டது என்று எனக்கு இன்னும் உற்சாகம். உம்மா குரலைத் தாழ்த்துகிற இடத்தில் நானும் தாழ்த்தினேன். "சின்னவன் எழும்பிட்டான், மெல்லமா வாசிக்கிறன். குட்டி தாயைத் தேடி அழுதது." அடுத்தது மூக்கை உறிஞ்சுகிற இடம். உறிஞ்சினேன். "உம்மா அழல்ல மகள், தடிமன்."

பிள்ளைகள் வாங்குப் பலகையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். டீச்சர் பக்கத்தில் வந்து, அந்த வரி எங்க மகள் இருக்கு, விரல் வச்சுக் காட்டுங்க என்று மெதுவாகத்தான் கேட்டா. வைத்தேன். என் விரலுக்குக் கீழே ஆட்டின் கால்தான் இருந்தது. காது இரண்டும் எரிந்தன. இவ்வளவு நாளும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது பொய் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. வாப்பாவைப் பார்த்தேன், அவர் தன் சேர்ட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் சில பெண்கள் மட்டும் சிரிக்காமல் முக்காட்டால் முகத்தைத் துடைத்தார்கள். வெக்கை தாங்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த நாளே வகுப்பில் என் பெயர் தடிமன் ஆகிவிட்டது. சாச்சி அந்த வீடியோவை அனுப்பவில்லை. ஆனால் நான் போனைப் பறித்துக்கொண்டு போய், கதவுக்குப் பின்னால் நின்று ஒரு வொய்ஸ் அனுப்பினேன். "புத்தகத்துல இல்லாததெல்லாம் ஏன் வாசிக்கிறீங்க? ஒங்களால எனக்கு வெக்கமாப் போச்சு." அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வெள்ளிக்கிழமை புது வொய்ஸ் வந்தது. வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே சீராக இருந்தது. மேடம் கூப்பிடவில்லை, சின்னவன் எழும்பவில்லை, தடிமனும் இல்லை. இடையில் யாராவது கூப்பிட்டால் அழித்துவிட்டு முதலிலிருந்து வாசித்திருப்பா. எத்தனை தரம் அப்படி வாசித்தாவோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நான் சொல்லுக்குச் சொல் விரல் வைத்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது. அந்த வொய்ஸை வைத்துத்தான் நான் நிசமாகவே வாசிக்கப் பழகினேன். டீச்சர்கூட மெச்சினா.

நல்லது கிடைத்துவிட்டது, இனி எதற்கு என்று பழைய வொய்ஸ்களை எல்லாம் நானே அழித்தேன். அவற்றில் ஆட்டுக்குட்டியின் கதை போக மிச்சமிருந்ததுதான் உம்மா என்னோடு பேசியது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.