அட்டைப்படத்தில் இருப்பது அக்காவேதான்

அக்காவின் இந்த நினைவு மலரைப் பிரிப்பதற்கு முன் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அக்காவின் இடது கண்ணோரத்திலும் உதட்டைச் சுற்றியும் வெள்ளையாகத் தெரிவது அச்சுப் பிழை அல்ல. அச்சகத்துக்காரரே போன் செய்து, "சார், முகத்துல கலர் விட்டுப் போயிருக்கு, சரி பண்ணிடட்டுமா?" என்று அக்கறையாகக் கேட்டார். வேண்டாம், அப்படியே அச்சடியுங்கள் என்றேன். அந்த அட்டையை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்றே சேலத்திலிருந்து பெரியப்பா கூப்பிட்டார்.

"டேய், கல்யாணத்துக்குப் பொண்ணை வெச்சுக்கிட்டு இந்தப் படத்தையா ஊரெல்லாம் அனுப்பப் போற? குடும்பத்துல இப்படி இருக்குன்னு நாமே தம்பட்டம் அடிக்கணுமா?"

என் மகள் காவ்யாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஓர் இடம் ஏறக்குறைய கூடி வந்திருக்கிறது. பெரியப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். எனவே அக்காவைப் பற்றி எழுதும் இந்தக் கட்டுரையே அவருக்கு நான் தரும் பதிலாகவும் இருக்கட்டும்.

அக்கா பிறந்தது கொள்ளேகாலில், அம்மாவின் தாய் வீட்டில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் வளர்ந்ததும் படித்ததும் மைசூரில். என்னைவிட ஆறு வயது மூத்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், என்னோடு சண்டை போடும்போது இரண்டும். அவருடைய பன்னிரண்டாவது வயதில் கண்ணோரத்தில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பிறகு உதடு, கழுத்து, விரல்கள். இது தொற்றாது, உடம்பை ஒன்றும் செய்யாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். டாக்டர் சொன்னால் கேட்கிறவர்களா நம் சனம்? ஓர் உறவினர் வீட்டில் (பெயரைச் சொல்ல மாட்டேன், இந்த மலர் அவர்களுக்கும் போகிறது) அக்காவுக்கு மட்டும் தனி டம்ளரில் காபி கொடுத்தார்கள். அக்கா நிதானமாகக் குடித்துவிட்டு, "டம்ளர் நல்லா இருக்கே, எனக்குன்னுதானே வெச்சீங்க" என்று கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் சர்க்கரை அளப்பது அந்த டம்ளரில்தான்.

அக்காவுக்கு இருபத்திரண்டு வயதானபோது அப்பா ஒரு ஸ்டூடியோவில் படம் எடுக்கச் சொல்லி, புள்ளிகள் தெரியாமல் டச்சப் செய்து, ஈரோட்டில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார். அவர்களுக்குப் படம் மிகவும் பிடித்துப்போய், பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அக்கா தட்டோடு கூடத்துக்கு வந்ததும் பேச்சு நின்றது. கேசரிபாத்தைச் சாப்பிட்டு முடித்து, மரியாதையாகவே விடைபெற்றுப் போனார்கள். அப்பா அவர்களைத் திட்ட ஆரம்பித்தார். அக்கா குறுக்கே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அவங்க மேல தப்பில்லப்பா. நாம வேற ஒரு பொண்ணோட படத்தை அனுப்பிட்டோம். அவங்க அந்தப் பொண்ணைத் தேடி வந்தாங்க, அவ இங்க இல்ல."

மறுநாள் அக்கா அந்த ஸ்டூடியோவுக்குச் சண்டை போடப் போனார். போனவர் மதியம்வரை திரும்பவில்லை. நான் தேடிக்கொண்டு போனால், டச்சப் செய்பவரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நுனி மெலிந்த தூரிகையால் அவர் நெகட்டிவில் புள்ளி வைப்பதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை முடிந்து வேலை கேட்டாகிவிட்டது என்றார்கள். இந்தக் காலத்தில் இதைத் துணிச்சல் என்பார்கள். அன்றைக்கு அம்மா வைத்த பெயர் வேறு.

கல்யாணப் பேச்சை அக்கா அதன் பிறகு எடுக்க விடவில்லை. ஸ்டூடியோவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் முகம் சுளிக்க, அக்கா மாலை வகுப்பில் சேர்ந்து படித்தார். பிறகு மண்டி மொஹல்லா பகுதியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் சொந்தமாகக் கடை திறந்தார். கைப்பிடி இல்லாத குறுகலான படி, மேலே ஒரு ஸ்கேனர், இரண்டு கம்ப்யூட்டர். கரையான் அரித்தது, மழையில் ஊறியது, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது என்று மைசூரின் பழைய படங்களெல்லாம் அந்தப் படியேறின. பாதி முகம் போன படத்தில், மீதிப் பாதியைத் திருப்பிப் போட்டு ஒட்டிவிடுவது இந்தத் தொழிலில் சுலபமான வழி. அக்கா அதைச் செய்ய மாட்டார். "எந்த மனுஷனுக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது" என்பார்.

அவரும் தவறு செய்தவர்தான். கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்திலிருந்து மாதையன் என்ற விவசாயி, இறந்துபோன மனைவியின் ஒரே படத்தைக் கொண்டுவந்தார். முழுக்கப் பூஞ்சை. அக்கா ஒரு வாரம் உட்கார்ந்து சுத்தம் செய்தார். மாதையன் வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"படம் பளிச்சுனு இருக்குதுங்க அம்மிணி. ஆனா இது எம் பொண்டாட்டி இல்லீங்களே. அவ தாடையில ஒத்தப் பொட்டாட்டம் பச்சை குத்தியிருப்பா. அதைக் காணமே."

பூஞ்சைக் கறைகளோடு கறையாக நினைத்து அந்தப் பச்சைப் பொட்டையும் அக்கா துடைத்துவிட்டிருந்தார். அக்காவின் முகம் வெளிறிப்போனதாக, அங்கே வேலை செய்யும் மஞ்சுளா பிறகு எனக்குச் சொன்னார். தன்னை எந்த விதமாக அழித்தார்களோ அதையே தானும் ஒருத்திக்குச் செய்துவிட்டோம் என்று அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாதையனை மறுபடி வரவழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, இங்கேயா, இன்னும் கீழேயா என்று கேட்டுக் கேட்டு அந்தப் பொட்டை வைத்தார். அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம். படத்தில் இருப்பவரை நேரில் பார்த்த ஒருவர் வந்து உட்கார்ந்து பேசாமல் முகத்தில் கைவைப்பதில்லை. "காகிதத்துக்கு வந்ததை நான் எடுப்பேன். ஆளுக்கு வந்ததை எடுக்க மாட்டேன்" என்று வாடிக்கையாளர்களிடம் கறாராகச் சொல்லிவிடுவார். இதனால் சில வாடிக்கைகள் போயின. மாதையன் மட்டும் ஒவ்வோர் அவரைக்காய் சீசனுக்கும் கொள்ளேகாலில் பஸ் மாறி, ஒரு பை காயோடு கடைக்கு வந்துகொண்டிருந்தார்.

கடைசி நான்கு மாதங்கள் அக்காவுக்குக் கடினமானவை. கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததும் அழுதது நான்தான். அக்கா மஞ்சுளாவைக் கூப்பிட்டு, கையில் இருந்த படங்களின் பட்டியலை எடுக்கச் சொன்னார். முடித்தது, முடிக்காதது எல்லாவற்றையும் உரியவர்களிடம் சேர்த்த பிறகே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஒரு மார்கழிக் காலையில், அம்மா கையைப் பிடித்திருக்க, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பதினோராம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. மஞ்சுளாவிடம் கொடுத்தால் தொட மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வேறொரு கடைக்குப் போனேன். "கொஞ்சம் நீட்டா பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அரை மணியில் புள்ளி ஒன்றுகூட இல்லாத அக்கா கிடைத்தார். வந்த உறவினர்கள், அக்கா எவ்வளவு லட்சணம் என்றார்கள். எனக்கும் அப்போது நிறைவாகத்தான் இருந்தது.

அன்று மாதையன் வந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்று கூடத்துப் படத்தைப் பார்த்தவர் சட்டென்று திரும்பி நடந்தார். அவர் யார் என்று எனக்குத் தெரியாததால் நானும் கூப்பிடவில்லை. தாமதமாக வந்த மஞ்சுளா, இரண்டு தெரு தள்ளி வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தவரைக் கண்டு அழைத்து வந்தார்.

"உள்ள பாத்தா யாரோ ஒரு பொம்பளை படமுங்க. எழவு ஊட்டுல ஊடு மாறி வந்து நிக்கறமேன்னு ஓடிப்போயிட்டனுங்க" என்றார் என்னிடம். பிறகு மறுபடி படத்தைப் பார்த்தார். "எம் பொண்டாட்டிக்கு ஒரு பொட்டு வெக்கறதுக்கு என்னைய மறுக்கா பஸ் ஏத்துன அம்மிணிங்க அது. அதுக்குப் போயி இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களே சாமி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வருத்தமாகச் சொன்னார். அப்பா செய்ததை நானும் செய்திருக்கிறேன், அதுவும் எதிர்த்துப் பேச அக்கா இல்லாத நாள் பார்த்துச் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று மாலையே மஞ்சுளா எடுத்துத் தந்த வேறு படத்தை மாட்டினோம். இப்போது அட்டையில் நீங்கள் பார்ப்பது அதுதான். கடை வாசலில், யாரையோ பார்த்துச் சிரிக்கும்போது எடுத்தது.

இருந்தும், வரன் விஷயம் என்று வந்ததும், பெரியப்பாவின் போனுக்குப் பிறகு நான் மறுபடி தடுமாறினேன். அட்டையில் விளக்குப் படம் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். காவ்யாவுக்குத் தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

"அப்பா, அத்தை படம்தான் போடணும். கல்யாணம் ஆனப்புறம் ஆல்பத்துல அத்தையை மறைச்சு மறைச்சு வெக்கிறது என் கையில ஆகல்ல, என்னால முடியாது. நாளைக்கு எனக்கே வந்தா? என்னையும் நீட்டா பண்ணுவீங்களா?"

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். என் மகள் சொன்னபடி அந்தப் படத்தை மாற்றாமல் விட்டுவிட்டேன்.

அக்காவின் கடைசி மாதங்களில் பக்கத்தில் இருந்து பார்த்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், மாடியிலிருந்து அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கிய பாத்திரக்கடைக்காரருக்கும், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறும் சாரு எனும் மைசூர் ரசமுமாகக் கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். கடையை இன்று தன் பொறுப்பில் நடத்திவரும் மஞ்சுளாவுக்கும், எங்கள் வீட்டு வாசலிலிருந்து திரும்பிப் போன மாதையனுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

பெரியப்பா, ஒன்று மட்டும் உங்களிடம் முன்பே சொல்லாமல் செய்துவிட்டேன். அச்சகத்திலிருந்து வந்த அட்டையின் முதல் பிரதியை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காவ்யாவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருப்பவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். வருவார்களா என்று தெரியாது. வந்தால், யார் வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்தே வருவார்கள்.