வண்டி வீட்டுக்கு வெளிச்சுவர்

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத் தெருவில் இருக்கும் காளியம்மாள் பதினெட்டு வருஷமாக நடவு செட் நடத்திவந்தாள். அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். ஆண்களெல்லாம் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட பிறகு எந்த ஊரிலும் நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. திருப்பனந்தாளிலிருந்து கூப்பிடுவார்கள், தரங்கம்பாடிப் பக்கமிருந்து கூப்பிடுவார்கள். போனால் பத்து நாள் அங்கேயே கிடக்க வேண்டும். வேலைக்கு அவர்கள் அஞ்சியதில்லை. படுக்க இடம் தேடுவதுதான் பெரும்பாடு. ரைஸ் மில் தாழ்வாரம், உரக் கிடங்கு என்று கிடைத்த இடத்தில் சுருண்டுகொள்வார்கள்.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் தரங்கம்பாடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவதாகச் சொல்லி அழைத்த நிலக்காரர் சாவி கிடைக்கவில்லை என்று கையை விரித்துவிட்டார். மூன்று நாள் அடைமழை. பன்னிரண்டு பேரும் பேருந்து நிழற்குடையில் ஒண்டிக்கிடந்தார்கள். செட்டிலேயே சின்னவளான மங்களாம்பிகைக்குக் காய்ச்சல் ஏறி, ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டி வந்தது. வார்டில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் காளியம்மாள் முடிவெடுத்தாள். இனிமேல் யாரிடமும் சாவி கேட்பதில்லை. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற மாதிரி ஒரு வீடு செய்துகொள்வது.

மகளிர் குழுவில் பேசிக் கடனுக்கு வழிசெய்துகொண்டு, தை அறுப்பு முடிந்த கையோடு அப்சரின் பட்டறைக்குப் போனாள். அப்சர் சவுதியில், தம்மாமில் எட்டு வருஷம் ஆட்கள் தங்கும் கேபின்கள் செய்துவிட்டுத் திரும்பியவர். இங்கே கேட்டும் கிரில்லும் அடித்துக்கொண்டிருந்தவருக்கு, அவள் சொன்னதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே படம் போட்டார். பழைய டிரெய்லர் அடிச்சட்டம் கிடைக்கும், இரும்புக் குழாயில் கூடு கட்டலாம், ஆறு பேர் கீழே, ஆறு பேர் மேலே என்று அடுக்குப் பலகை போடலாம். கேள்வி ஒன்றுதான் மிச்சம். வெளியே எதைப் போட்டு மூடுவது?

கலர் பூசிய இரும்புத் தகடுதான் அவர் யோசனை. பார்வைக்கு அழகு, பற்றவைப்பதும் சுலபம். காளியம்மாள் எல்லாவற்றிலும் ஒரு முழம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கலர் தகடு, அலுமினியம், ஃபைபர், பெயிண்ட் அடித்த பிளைவுட். தரங்கம்பாடியில் அவளுக்குப் பழக்கமான மீன்காரி ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டின் கடல் பார்த்த சுவரில் நான்கையும் உப்புக்காற்று படும்படி ஆணி அடித்துவிட்டு வந்தாள். அப்சர் சிரித்தார். ஆனாலும் தடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மகன் செழியன் கத்தாரிலிருந்து பேசினான். கட்டட வேலைக்குப் போய் மூன்று வருஷம். ஏ.சி. ரூம், நல்ல சாப்பாடு என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. வண்டி வீட்டுச் சேதியை அவள் சொல்லி, வெறும் தகடு போதாதா என்று கேட்டாள்.

"வெறும் தகடு வேண்டாம்மா. உள்ள மனுஷன் இருக்க முடியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மொத வருஷம் நான் அதுலதான் கெடந்தேன். ஏ.சி. ஓடல. சுவத்துல கை வச்சா சூட்டுல பொத்துப்போயிரும். ஈரத் துண்டைப் போத்திக்கிட்டுத்தான் தூங்குவோம். இப்ப இல்ல, இப்ப வேற கேம்ப்பு. சத்தியமா நல்லாருக்கு."

மகன் தொடர்ந்து பேசினான். வெளித்தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே தெர்மாகோல் வைக்கச் சொன்னான். எதிரும் புதிருமாக ஜன்னல் விடச் சொன்னான். கூரைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னான். படுத்துப் படுத்துத் தெரிந்துகொண்ட பாடம் அது. போனை வைத்த பிறகு காளியம்மாள் முற்றத்துக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, மறுபடியும் கழுவிக்கொண்டாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமைகளில் அவன் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. அவளும் காலில் குத்திய நத்தை ஓட்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

வைகாசியில் மீன்காரி வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது பிளைவுட் வீங்கி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. கலர் தகடு நடுவில் பளபளவென்று இருந்தாலும், வெட்டிய விளிம்பு முழுக்கச் செந்துரு. ஃபைபர் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். அலுமினியம் மங்கியதோடு சரி. நான்கையும் சாக்கில் சுற்றிக்கொண்டுபோய் அப்சர் முன்னால் பரப்பினாள். அவர் துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"நான் கேபின் செஞ்ச பாலைவனத்துல மழையே கெடையாதுக்கா. உப்புக்காத்தடிக்கிற எடத்துல வண்டி நிக்கும்னு நான் நெனச்சே பாக்கல," என்றார்.

அலுமினியம் என்று முடிவானது. அடிச்சட்டம் வந்து நின்ற அன்று காளியம்மாள் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டாள். டிராக்டர் சக்கரம் சரளைக்கல்லை வாரி அடிக்குமே, அலுமினியம் நெளிந்துபோகாதா? அப்சர் ஒரு கல்லை எடுத்து அடித்துப் பார்த்தார். நெளிந்தது. ஃபைபரில் அடித்தார். கல் தெறித்து ஓடியது. சேறும் கல்லும் படுகிற கீழ் இரண்டடிக்கு ஃபைபர், அதற்கு மேல் அலுமினியம் என்று அவளே பிரித்துச் சொன்னாள். இரும்புத் திருகாணி பட்டால் அந்த இடம் அரித்துவிடும் என்று சொல்லி, அலுமினிய ரிவெட்டே அடித்துக்கொடுத்தார் அவர். செழியன் சொன்னபடி நடுவில் தெர்மாகோல், எதிரெதிரே ஜன்னல், கூரைக்கு வெள்ளை. கதவுக்கு உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள். பின்பக்கம் திரை போட்டுக் குளிக்க ஒரு மறைப்பு. அதைக் கேட்டது மங்களாம்பிகை.

அந்த வருஷம் சம்பா நடவுக்கு வண்டி வீடு திருப்பனந்தாளுக்குப் புறப்பட்டது. முதல் நாள் பாதி வயலில் இருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு பேரும் ஓடிவந்து ஏறினார்கள். சேலையைப் பிழிந்து கொடியில் போட்டு, வேறு கட்டிக்கொண்டு, பலகைகளில் வரிசையாக உட்கார்ந்து புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள். கூரையில் மழை விழுந்தது, ஆனால் பேச்சை அமுக்கவில்லை. காளியம்மாள் உள்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரமில்லை.

வயலுக்குச் சொந்தக்காரர் குடையோடு வந்து, மழை விடுகிறவரைக்கும் தம் வீட்டுக் கொட்டகையில் வந்து இருக்கலாமே என்று வாசலில் நின்று கேட்டார்.

"வேணாங்க. நாங்க வீட்லதான் இருக்கோம். நீங்க நனையாம உள்ள வாங்க," என்றாள் காளியம்மாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

இரண்டு மாதம் கழித்து வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்து நடவு செட் ஒன்று அப்சரைத் தேடி வந்தது. அவர் அவர்களை முதலில் காளியம்மாளிடம் அனுப்பினார், எந்தத் தகடு போடுவது என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்லி.